அந்த 61 பொய் இல்லை

கேள்வி: என் மாமியாருக்கு 59 வயது. எட்டு வருஷமாகச் சர்க்கரை. வீட்டிலேயே பீடி சுற்றுகிறார். காலையில் மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை, ராத்திரி மெட்பார்மின் மட்டும். ஐந்து மாதத்துக்கு முன்னால் சுகர் மிஷின் வாங்கினோம். அன்று முதல் வீட்டில் சண்டைதான். ஒருநாள் காலை ஆறரைக்கு வெறும் வயிற்றில் மிஷின் 168 காட்டியது. அன்றே பஸ் ஏறி வேலூர் போய் லேபில் கொடுத்தால் 149. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மிஷினில் 246, லேபில் 208. போன மாதம் கிருத்திகை அன்று விரதம் இருந்தார். பதினோரு மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, படபடப்பாக வருகிறது என்றார். மிஷின் 61 காட்டியது. சர்க்கரை போட்டுக் காபி கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்து வேறு விரலில் பார்த்தால் 118! "இது இன்னா மிஷினு, வெரலுக்கு ஒண்ணு சொல்லுது" என்று அன்றோடு ஒதுக்கிவிட்டார். மூன்று மாதச் சராசரி 7.9, ஹீமோகுளோபின் 8.9 என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி இறுக்கமாக இருப்பதால் வேறு சின்ன டப்பாவில் மாற்றி அடுப்பங்கரை ஷெல்பில் வைத்திருக்கிறேன். தெருவில் நாலைந்து பேர் எங்கள் மிஷினில்தான் பார்க்கிறார்கள், அவர்களுக்கும் இப்போது சந்தேகம். வேறு கம்பெனி மிஷின் வாங்கலாமா? ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்க்க வேண்டும்? என் கணவர் நான்கு முறை என்கிறார்.
— பெயர் வேண்டாம், குடியாத்தம் வட்டம்

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் எட்டு எண்கள் இருக்கின்றன. 168-க்கும் 149-க்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதுதான் உங்கள் கவலை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த 61. நீங்கள் எல்லாரும் சேர்ந்து "மிஷின் கோளாறு" என்று தள்ளிவிட்ட அந்த ஒரு எண்தான் இந்த ஐந்து மாதத்தில் மிஷின் உங்களுக்குச் சொன்ன முக்கியமான சேதி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. வேலூரில் 26 வருஷமாக லேப் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பதும், அதில் வந்த எண்ணை எழுதிக் கொடுப்பதும், அது ஏன் அப்படி வந்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்வதும் என் வேலை. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் கையில். எனக்கும் ஒன்பது வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. அதனால் விரலில் குத்திக்கொள்ளும் கதை எனக்குப் புதிதல்ல.

கிருத்திகை அன்று நடந்ததை வரிசையாக வைத்துப் பாருங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு. அந்த நேரத்தில் அளந்தால் சர்க்கரை குறைவு. இனிப்பு உள்ளே போனதும் ஆள் தெளிந்துவிட்டார். ரத்தத்தில் சர்க்கரை உண்மையாகவே இறங்கியதா என்று தீர்மானிக்க, ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வகுத்து வைத்த மூன்று அடையாளங்கள் இவையேதான். மூன்றும் உங்கள் மாமியாரிடம் பொருந்துகின்றன. 70-க்குக் கீழே போனாலே அது தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் ஆபத்து. 61-லிருந்து 118 ஆனது விரல் மாறியதால் அல்ல, நீங்கள் கொடுத்த காபியால். மருமகள் கை வைத்தியம் சரியாகத்தான் இருந்திருக்கிறது, அதற்கான பெயரை மிஷின் தட்டிக்கொண்டு போகாமல் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது.

ஏன் இறங்கியது? மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவர் ஒருவேளை பட்டினி கிடந்தால் சர்க்கரை இப்படி விழுவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படி இல்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது, கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்கவைத்துவிடும். காலையில் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு, விரதம் என்று இட்லியை மட்டும் விட்டால் பதினோரு மணிக்கு என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. மேல்விஷாரம், வாணியம்பாடிப் பக்கம் நோன்பு மாதத்துக்கு முன்பே டாக்டரிடம் போய் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கிருத்திகைக்கும் ஆடி வெள்ளிக்கும் நம் வீடுகளில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. "ஒரு வேளைதானே" என்று விட்டுவிடுகிறோம். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் இந்த வகை மாத்திரை உடம்பில் தங்கிச் சர்க்கரையை இறக்கும். சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின் டெஸ்ட் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று ரிப்போர்ட்டைப் புரட்டிப் பாருங்கள்.

மறுபடி இப்படி வந்தால் காபி போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையை, இருந்தால் குளுக்கோஸ் பவுடரை, அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்துப் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் திரும்பவும் அதே அளவு. ஏறிய பிறகு டிபனோ சாப்பாடோ கட்டாயம் சாப்பிட வேண்டும், அன்றைக்கு விரதம் முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆற்காட்டு மக்கன் பேடாவே இருந்தாலும் அந்நேரம் அது உதவாது. கோவாவும் நெய்யும் சேர்ந்த பண்டத்திலிருந்து சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்துக்கு வரும். இந்த மாத்திரையால் இறங்கிய சர்க்கரை சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் இறங்கலாம், ஆகையால் அன்று முழுக்க ஒரு கண் இருக்கட்டும். ஆள் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108.

இப்போது உங்கள் வழக்குக்கு வருகிறேன்.

வீட்டு மிஷின்களுக்கு உலக அளவில் ஒரு விதி உண்டு. ஐ.எஸ்.ஓ. 15197 என்ற அந்தத் தரவிதியின் 2013 பதிப்பின்படி, 100-க்கு மேல் இருக்கும் சர்க்கரையை லேப் அளவிலிருந்து 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்டினாலும் மிஷின் தேறிவிட்டது என்றுதான் அர்த்தம். 100-க்குக் கீழே என்றால் 15 புள்ளி வரை. நூறு தடவை பார்த்தால் 95 தடவை இந்த எல்லைக்குள் நின்றால் போதும். லேபில் 149 என்றால் மிஷின் 127-லிருந்து 171 வரை எங்கே காட்டினாலும் விதிக்கு உட்பட்டதுதான். உங்களுடையது 168. தவிர, இரண்டும் ஒரே நேரத்து ரத்தமா? ஆறரைக்கு வீட்டில் குத்தினீர்கள். பஸ் பிடித்து, வேலூரில் இறங்கி, டோக்கன் வாங்கி, கை நீட்டும்போது ஒன்பதாவது ஆகியிருக்கும். இரண்டரை மணி நேரத்தில் உடம்பு சும்மா இருக்காது.

சாப்பிட்ட பின் வந்த வித்தியாசம் இன்னும் சுலபம். விரல் நுனி ரத்தம் வேறு, முழங்கை மடிப்பில் நாங்கள் எடுக்கும் ரத்தம் வேறு. சாப்பிட்டதும் சர்க்கரை தமனி வழியாக விரல் நுனிக்கு முழுசாக வந்து சேர்கிறது. அங்கிருந்து சதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்ட மிச்சம்தான் சிரை வழியாகத் திரும்பிப் போகிறது. நாங்கள் அளப்பது அந்த மிச்சத்தை. வெறும் வயிற்றில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் 20, 30 கூட இருப்பது இயல்பு, சில சமயம் அதற்கு மேலும் இருக்கும்.

என் தொழிலைப் பற்றியே ஒரு உண்மையைச் சொல்கிறேன். லேப் எண் ஒன்றும் வேதவாக்கு இல்லை. குழாயில் எடுத்து வைத்த ரத்தத்தில் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன, அவை பாட்டுக்குச் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் பிரிக்காமல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 5-லிருந்து 7 சதவீதம் போய்விடும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட புளோரைடு குழாய். அதிலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். கிராமத்தில் எடுத்து, பையில் போட்டு, மத்தியானம் டவுனுக்கு அனுப்பி அளக்கிற ரத்தத்தின் எண்ணையும், வீட்டில் ஐந்து விநாடியில் வந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மிஷினைக் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை.

அடுத்து, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஹீமோகுளோபின் 8.9. இதை நான் மூன்று முறை படித்தேன். அதை மூன்றால் பெருக்கினால், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்று தோராயமாகத் தெரியும். உங்கள் மாமியாருக்கு 27. மிஷின் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இந்தச் சதவீதத்தை ஹீமாடோகிரிட் என்ற பெயரில் தேடுங்கள், எந்த அளவு வரைக்கும் அந்த ஸ்ட்ரிப் சரியாக வேலை செய்யும் என்று போட்டிருக்கும். 30-க்குக் கீழே நம்ப வேண்டாம் என்று சொல்லும் ஸ்ட்ரிப்புகள் உண்டு, 20 வரை தாங்குகிறவையும் உண்டு. ரத்தம் குறைவாக இருப்பவர்களுக்கு மிஷின் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். வேறு மிஷின் வாங்கத்தான் வேண்டும் என்றால் கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள், இந்த ஒரு வரியைப் பார்த்து வாங்குங்கள்.

இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகை என்றால் அந்த 7.9-கூடக் கொஞ்சம் ஏறித் தெரியலாம். 7.9 என்பது சராசரியாக 180 என்று கணக்கு. உங்கள் வீட்டு எண்கள் அதோடு ஒத்துத்தான் போகின்றன. ஆனால் இரண்டையும் ஒரே சோகை மேலே தள்ளியிருக்க வாய்ப்பிருக்கிறது. இப்படி யோசியுங்கள்: கூட்டிக் காட்டும் எண்களை மட்டும் டாக்டரிடம் கொண்டுபோகிறீர்கள், அந்த 61-ஐ மிஷின் கோளாறு என்று சொல்லாமல் விடுகிறீர்கள். அவர் என்ன செய்வார்? மாத்திரையைக் கூட்டுவார். கூட்டினால் அடுத்த கிருத்திகைக்கு 61 வராது, அதற்கும் கீழே வரும். இன்னொன்று, மிஷின் கூட்டிக் காட்டுகிற மிஷின் என்றால் அன்றைக்கு உண்மையான அளவு 61-ஐவிடக் குறைவாகக்கூட இருந்திருக்கலாம்.

மிஷின் மேல் தப்பில்லை என்றேன். ஸ்ட்ரிப் மேல் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தச் சின்ன டப்பாவை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள், உள்ளே இருக்கும் ஸ்ட்ரிப்போடு. காசு போகிறதே என்று இருக்கும், எனக்கும் இருந்தது. ஸ்ட்ரிப்பின் நுனியில் இருப்பது ஒரு நொதி, ஈரம் பட்டால் கெட்டுவிடும். கம்பெனி டப்பாவின் மூடி அவ்வளவு இறுக்கமாக இருப்பதும், ஈரத்தை உறிஞ்சும் பொருளை அதற்குள் வைத்திருப்பதும் அதற்காகத்தான். எடுத்ததும் மூட வேண்டும். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளை 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். நம் ஊர்க் கத்திரி வெயில் 40-ஐத் தாண்டும்போது, ஷீட் போட்ட வீட்டின் அடுப்பங்கரை ஷெல்ப் எவ்வளவு சூடாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்ஜிலும் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். பீடி இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கும் மூலைக்குப் பக்கத்திலும் கூடாது. வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், சுவர் அலமாரியின் கீழ்த்தட்டு போதும். டப்பாவைத் திறந்த தேதியை ஸ்கெட்ச் பேனாவால் அதன் மேலேயே எழுதுங்கள். திறந்த பின் எத்தனை மாதம் தாங்கும் என்பது அதிலேயே அச்சாகியிருக்கும்.

கை. பீடி சுற்றும் கையைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வருஷக்கணக்கில் இலையை உருட்டிக் காய்த்துப்போயிருக்கும். அதில் குத்தினால் ரத்தம் வராது, வராததால் பிழிவீர்கள், பிழிந்தால் ரத்தத்தோடு சதையின் நீரும் சேர்ந்து வந்து எண்ணைக் கெடுக்கும். மோதிர விரல் அல்லது சுண்டுவிரல், நடு நுனியில் இல்லாமல் பக்கவாட்டில். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, கையைத் தொங்கப்போட்டு நாலு உதறு உதறினால் துளி தானாக வரும். ஸ்பிரிட் பஞ்சு சோப்புக்கு மாற்று ஆகாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மே மாதம், மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலை சுற்றுகிற மாதிரி இருக்கிறதே என்று, பழக்க தோஷத்தில் ஸ்பிரிட்டால் மட்டும் துடைத்துவிட்டுக் குத்திக்கொண்டேன். 304. நெஞ்சு அடித்துக்கொண்டது. என் பெண்தான், "அம்மா, கையைக் கழுவினியா?" என்று கேட்டாள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பார்த்தால் 152. ஊருக்கெல்லாம் ரத்தம் எடுக்கிறவளுக்கே இந்த கதி.

தெரு விஷயம் எனக்குக் கவலையாக இருக்கிறது. நல்ல மனசோடுதான் கொடுக்கிறீர்கள், ஆனால் குத்தும் பேனாவைப் பகிரவே கூடாது. ஊசியை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பார்கள், பேனாவின் முனையிலும் ரத்தம் படும். ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். ஒரு பேனா ஒருவருக்குத்தான். மிஷினையும் ஒருவரே வைத்துக்கொள்வதுதான் சரி. அக்கம்பக்கத்தார் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் புது ஊசியா என்று அங்கேயும் கவனித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதுவரை பகிர்ந்தவர்கள், உங்கள் மாமியாரும் சேர்த்து, ஒருமுறை ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பயமுறுத்தச் சொல்லவில்லை.

தினம் நான்கு முறை வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கு அது தேவைப்படும், ஏனென்றால் அந்த எண்ணைப் பார்த்து அவர்கள் அளவை மாற்றுகிறார்கள். உங்கள் வீட்டில் எண்ணைப் பார்த்து மாறுவது என்ன? உங்கள் கணவரின் குரல் மட்டும்தான் என்று உங்கள் கடிதத்தின் தொனி சொல்கிறது. ஸ்ட்ரிப் ஒன்று சுமார் 20 ரூபாய் என்றாலும் மாதம் 2,400 ரூபாய். அதில் முட்டையும் கீரையும் வாங்கினால் 8.9-ஆவது கொஞ்சம் ஏறும். வாரத்தில் இரண்டு நாள் வெறும் வயிற்றில் பாருங்கள். டாக்டரிடம் போவதற்கு முந்தின வாரம் மட்டும் மூன்று நாள், ஒரே சாப்பாட்டுக்கு முன்னும், முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதுங்கள். முன்னால் 80-லிருந்து 130, பின்னால் 180-க்குள் என்பது பொதுவான குறி. உங்கள் மாமியாருக்கு எது என்று டாக்டர் சொல்வார். பக்கத்தில் என்ன சாப்பிட்டார் என்றும் ஒரு வரி. கேழ்வரகுக் களி என்றால் எத்தனை உருண்டை என்று எழுதுங்கள். களி ஏற்றாது என்று நம்பிக்கொண்டு மூன்று உருண்டை சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தை நான் தினம் பார்க்கிறேன். உடம்பு ஒரு மாதிரியாக வந்தால் மட்டும் எந்த நேரமானாலும், எந்தக் கணக்கும் பார்க்காமல் குத்திப் பாருங்கள்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். எண் கூட வந்தால் "நேத்து நைட்டு இன்னா துன்னே?" என்று கேட்பதை நிறுத்தச் சொல்லுங்கள். திட்டு வாங்கப் பயந்து, லேபுக்குப் போகும் முதல் நாள் ராத்திரி சாப்பிடாமல் படுக்கிற அம்மாக்கள் எங்கள் பெஞ்சில் நிறையப் பேர். கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர் அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டேன்.

மிஷின் சரியா என்று இன்னும் மனசு கேட்கவில்லை என்றால், அடுத்த முறை லேபுக்குப் போகும்போது அதையும் புது ஸ்ட்ரிப்பையும் கையோடு கொண்டுபோங்கள். வெறும் வயிற்றில், எங்களைப் போன்ற ஒருவர் சிரையில் எடுத்த ஐந்து நிமிஷத்துக்குள், அங்கேயே உட்கார்ந்து விரலில் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் லேபில் இதற்கு மறுப்பு சொல்ல மாட்டார்கள். அந்த எண்ணை லேப் எண்ணோடு ஒப்பிடலாம், அது நியாயமான ஒப்பீடு.

மிஷினின் மெமரியில் அந்த 61 தேதி, நேரத்தோடு இன்னும் இருக்கும். அழிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். அன்று காலை மாத்திரை போட்டார், சாப்பிடவில்லை என்பதையும், ஹீமோகுளோபின் 8.9 என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த கிருத்திகை எப்போது என்று காலண்டரில் பார்த்து, அதற்கு முன்னால் போய்விடுங்கள்.